மாதா நிற்காமல் போன வீடு

அந்த மெழுகுதிரியைத்தான் முதலில் கண்டேன். வைகாசி மாதத்து மாலை. மின்வெட்டில் ஒழுங்கை முழுவதும் இருண்டு கிடந்தது. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் எங்கள் கைத்திரிகளில் பாதி அணைந்துபோயிருந்தன. முன்னால் இருவர் மாதாவின் சுருவத்தை, அந்தச் சிலையை, ஏந்திக்கொண்டு நடக்க, நான் பாட்டுப் புத்தகத்தோடு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். இடப்பக்கம் ஒரு படலை அகலத் திறந்திருந்தது. அதில் தையல் அக்கா நின்றார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை. வலது கையில் எரிகிற திரி, இடது உள்ளங்கையால் அதைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாருங்கள் என்கிற சிரிப்பு. நான் தலையை ஆட்டிவிட்டு, பாட்டின் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தபடி கடந்து போனேன்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் இது ஒரு விடயமாகவே படாது. ஆனால் எனக்கு இன்றைக்கும் அந்த ஒழுங்கையால் நடக்கும்போது அந்தத் திரிதான் கண்ணில் நிற்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோயில் பங்கில் அன்பியம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது. ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர்கள் ஓடிப்போய் நிற்பது. எங்கள் அன்பியத்தில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்து வீடுகளும் உண்டு, கீழே கரையை ஒட்டிய ஒழுங்கை வீடுகளும் உண்டு. மேலே கந்தோர்க்காரர், ரீச்சர்மார். கீழே கடலை நம்பிப் பிழைப்பவர்கள். எல்லாமாக முப்பத்துநான்கு வீடு. நான் மேலே இருப்பவள். பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவள். இருபது வருடம் பாடங்களுக்கு நேரசூசி போட்ட கை வீட்டில் சும்மா இருக்குமா? அன்பியத்துக்கும் நான்தான் செயலாளர், பட்டியல் எல்லாம் நான்தான்.

வைகாசி, அதாவது மே, மாதாவுக்குரிய மாதம். அந்த மாதம் முழுவதும் மாதாவின் சுருவம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மாலையில் பாட்டோடு எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனால், அந்த வீட்டார் படலையில் திரியோடு நின்று வரவேற்று, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைப்பார்கள். எல்லோரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வோம். பிறகு சனம் போய்விடும், மாதா நிற்பார். மறுநாள் மாலைவரை அந்த வீட்டில் என்ன பாரம் இருக்கிறதோ அதையெல்லாம் அவரிடம் இறக்கி வைக்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை எங்கே என்று தெரியாதவர்கள், அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுவதும் பார்த்திருப்பார்கள்.

செபமாலை முடிந்தால் தேத்தண்ணி. என் சின்ன வயதில் அது வெறும் பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சக்கரையும்தான். பிறகு பால் தேத்தண்ணி ஆயிற்று. பிறகு வாழைப்பழம், பிறகு றோல்ஸ், பற்றீஸ், கேக் என்று வளர்ந்து, இன்னார் வீட்டில் இன்னது தந்தார்கள் என்று அடுத்த நாள் வழியில் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதில் எனக்கும் பங்குண்டு. என் வீட்டு மீன் றோல்ஸைப் பற்றி யாராவது கதைத்தால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். அந்த வெட்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தையல் அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஞானஸ்நானப் பதிவில்தான் அதைத் தேட வேண்டும். ஒழுங்கையின் நடுவில் இருந்த அவர் வீட்டு முன்னறையில், சன்னலுக்குக் கீழே, கால்மெசின். எங்கள் பங்கில் முதல் நன்மை, முதன்முதல் நற்கருணை, எடுத்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் தைத்த வெள்ளைச் சட்டையோடுதான் பீடத்துக்குப் போனார்கள். வாயின் ஓரத்தில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கதைப்பார். அப்படியும் ஒரு சொல் தவறாமல் விளங்கும். என் மகளுக்கு அளவெடுத்த அன்று நாடாவைச் சுற்றிப் பிடித்துவிட்டு, "ரீச்சர், நான் சட்டைக்கு அளவெடுக்கிறனோ, கோயில் மணிக்கு அளவெடுக்கிறனோ?" என்றார். மகள் அழுதாள், நான் சிரித்தேன், சட்டை அச்சொட்டாக இருந்தது. கடல் பொங்கி வந்த வருடம் கரையோரக் கிராமங்களில் இருந்து சனம் உடுத்த உடுப்போடு வந்து கோயில் மண்டபத்தில் கிடந்தபோது, அந்த மெசினைத் தள்ளுவண்டியில் ஏற்றி மண்டபத்துக்கே கொண்டுவந்து, பத்து நாள் இருந்து பாவாடை தைத்தவர் அவர். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏசியிருப்பார்.

அவருடைய கணவரை எல்லோரும் எஞ்சின் அண்ணை என்போம். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். உள்துறைமுகக் கரையில் கிண்ணியாக்காரர், மூதூர்க்காரர், எங்கள் ஆட்கள் என்று எல்லோருடைய எஞ்சினும் அவர் கைக்கு வரும். ஞாயிறு பூசைக்கு வந்தால் கடைசித் தூணுக்கு அப்பால் வரமாட்டார், பிரசங்கம் தொடங்கினால் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஆனால் மாதா திருநாளன்று பார்க்கவேண்டும். கையை மண்ணெண்ணெயால் கழுவி, பிறகு சவர்க்காரத்தால் கழுவி, நகக்கண்ணில் இருக்கும் கறுப்பை ஊசியால் எடுத்து, புதுச் சாறத்தோடு வந்து நிற்பார். சுருவக்கூட்டைத் தோளில் தூக்கும் கொம்புகளில் முன் வலது கொம்பு அவருடையது. வேறு யாரும் அதில் தோள் வைக்க முடியாது. "கூட்டுக்கு நான்தான் எஞ்சின். நான் நிண்டால் மாதா நிப்பா," என்பார். சுவாமியார் முன்னாலேயே சொல்வார். சுவாமியாரும் சிரிப்பார்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வருவதற்கு முந்தின வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கொம்பு வைத்த தோள், எஞ்சின் பிடித்த கை, எல்லாம் அந்தப் பக்கம். கதை கொஞ்சம் குழறினாலும் நகைச்சுவை குறையவில்லை. முதல் வெள்ளிகளில் சுவாமியார் நன்மை கொண்டுபோய்க் கொடுப்பார். கோயிலுக்கு வர ஏலாது. "நான் அங்க வர ஏலாது எண்டால் என்ன, வைகாசியில அவ இஞ்ச வருவா தானே," என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்வார். என்னிடமும் சொன்னார். "ஓம் அண்ணை, வராமல் விடுவாவே," என்று நானும் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

பிறகு அந்த வருடம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, வள்ளங்கள் கரையில் கிடந்தன. காஸ் இல்லை, பால்மா இல்லை. எதற்கும் வரிசை. யாரும் புதுச் சட்டை தைக்கவில்லை, முதல் நன்மைக்கும் மூத்ததின் சட்டையை இளையதுக்குப் போட்டார்கள். தையல் அக்காவின் மெசின் நின்றது. எங்கள் அன்பியம் அப்போது சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மேலே இருந்த ஒவ்வொரு வீடும் கீழே ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை அரிசி, பருப்பு, மா என்று ஒரு பொதி கொடுத்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தவர்கள் மருந்துக்கு உதவினார்கள். அக்காவின் வீட்டுப் பொதியை நான்தான் கொண்டுபோவேன். படலையிலேயே வாங்குவார். "தேவையில்லாத கரைச்சல் உங்களுக்கு," என்பார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். பத்து நாள் பாவாடை தைத்துக் கொடுத்த கைக்கு வாங்கிப் பழக்கமில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் நான் பெரிய விளக்கமுள்ள மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை முடிவில் பட்டியல் போட என் வீட்டில் கூடினோம். ஏழெட்டுப் பேர். எல்லோரும் நல்ல சனம், அதுதான் இதில் கொடுமை. ஒருவர் தொடங்கினார்: "பாவம், கீழ மூண்டு வீடு சரியான கஷ்டம். என்னெண்டு முப்பது பேருக்குத் தேத்தண்ணி குடுக்கிறது?"

"குடுக்காட்டி வெக்கப்படுவினம். குடுக்கிறதெண்டால் கடன்படுவினம்," என்றார் இன்னொருவர்.

"அப்ப இந்த முறை அவையளைக் கரைச்சல்படுத்தாமல் விடுவம். அடுத்த வருஷம் பாப்பம்."

"ஓம், ஓம், அதுதான் நல்லது."

மூன்று வீடுகளில் ஒன்று தையல் அக்காவுடையது. அவர்களிடம் இதை யார் சொல்வது என்று கேள்வி வந்தது. "சொன்னால் இன்னும் வெக்கமாப் போயிரும். தன்பாட்டில விடுவம், விளங்கிக்கொள்ளுவினம்," என்று சொன்னது நான். அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்துநான்கு வீடு, முப்பத்தொரு நாள். ஒவ்வொரு வருடமும் கடைசி நாட்களில் இரண்டு வீட்டை ஒன்றாகச் சேர்த்து, அதனால் மனத்தாங்கல் வந்து, நான் தலையைப் பிய்த்துக்கொள்வேன். அந்த வருடம் மூன்று வீட்டை எடுத்ததும் பட்டியல் அச்சாகப் பொருந்தியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். இரக்கம் என்று நான் எழுதிய பட்டியலில் என் வசதியும் இருந்தது. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைத் தவிர வேறெங்கும் சொன்னதில்லை.

மற்ற இரண்டு வீட்டாருக்கும் எப்படியோ செய்தி எட்டிவிட்டது. ஒருவர் குச்சவெளியில் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டார். தையல் அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல ஒழுங்கை வரிசையில்தான் மாதா வந்துகொண்டிருந்தார். முதல்நாள் மாலை அக்காவின் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தார். நாளைக்கு எங்கள் வீடு என்று அக்கா நினைத்ததில் என்ன பிழை? முப்பது வருடமாக அப்படித்தானே நடந்தது.

அந்த மாலை நான் படலையில் திரியை மட்டும் காணவில்லை. திறந்திருந்த கதவால் உள்ளேயும் பார்த்தேன். கட்டிலை உள்ளறையில் இருந்து இழுத்து முன்னறையில், வாசலுக்கு நேரே போட்டிருந்தார்கள். அண்ணையை இரண்டு தலையணையில் சாய்த்து வைத்து, வெள்ளைச் சேட் போட்டு, தலை வாரிவிட்டிருந்தது. கால்மெசினின் மேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் விளக்கு. நடுவில் வெறுமையாக ஓர் இடம். கண்டவுடன் எனக்கு விளங்கிவிட்டது. கையை உயர்த்தி, "நில்லுங்கோ," என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சுருவம் எனக்கு நாலு அடி முன்னால்தான் போனது. ஆனால் அடுத்த வீட்டார் திரியோடு காத்திருக்கிறார்கள், பட்டியலில் அவர்களுடைய பெயர் இருக்கிறது, இப்போது நின்றால் எல்லோருக்கும் முன்னால் என்ன சொல்வது என்று என் மூளை கணக்குப் பார்த்தது. அதற்குள் கால் நடந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கண்டேன், கண்டும் போனேன். அடுத்த வீட்டில் செபமாலை சொன்னோம். பிறகு தேத்தண்ணி தந்தார்கள், நான் குடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பொதியோடு போனேன். படலை பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், மறுமொழி இல்லை. உள்ளே ஆட்கள் இருப்பது தெரிந்தது. படலையில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பூசை முடிந்து வந்து பார்த்தால், அதே பொதி அவிழ்க்காமல் என் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தது. எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம். "கஷ்டத்திலயும் இந்தத் தலைக்கனம்," என்று வாய்விட்டே சொன்னேன். நல்ல காலம், வீட்டில் யாரும் இல்லை.

ஆனி மாதத்தில் எஞ்சின் அண்ணை செத்துப்போனார். இரண்டாவது முறை வாதம் வந்து, மூன்றாம் நாள்.

செத்தவீட்டை எங்கள் அன்பியம் நடத்திய விதத்தை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். பந்தல், பெட்டி, கதிரை, பாட்டுக்காரர், எல்லாம் நாங்கள். மூன்று நாளும் அந்த வீட்டுக் குசினியில் அடுப்பு மூட்டவில்லை. மேலிருந்து சோறு கறி போனது. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி. பால் தேத்தண்ணி. பால்மா எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு வீட்டு அலுமாரிக்குள்ளும் ஒரு பெட்டி ஒளிந்திருந்தது, என் வீட்டிலும்தான். மாதா வந்தால் முப்பது பேருக்குக் கொடுக்க அந்த வீட்டுக்கு வழியில்லை என்று முடிவுகட்டிய அதே நாங்கள், அண்ணை பெட்டியில் கிடக்கையில் இருநூறு பேருக்கு ஊற்றினோம்.

கிண்ணியாவில் இருந்து ஒரு வள்ள முதலாளி வந்திருந்தார். அண்ணையிடம் இருபது வருடமாக எஞ்சின் திருத்தியவர். படுத்த பிறகும் கிழமைக்கொரு தடவை மீனோடு வந்து, கட்டிலருகே ஒரு மணித்தியாலம் இருந்து எஞ்சின் கதை கதைத்துவிட்டுப் போவார் என்று தெரியும். பந்தலில் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"டீச்சர், அண்டைக்கு நானும் இஞ்சதான் இருந்தேன்," என்றார். "மாதா வாறாண்டு சொல்லி ரெண்டு கிலோ சீனி கேட்டாரு. நாந்தான் கொண்டாந்த. கட்டில இழுக்க ஒரு கை புடிச்சதும் நாந்தான். அக்கா இஞ்சி போட்டுப் பெரிய பானையில தேத்தண்ணி வெச்சிருந்தாங்க. நீங்கெல்லாம் ஏன் டீச்சர் நிக்காமப் போனீங்க?"

அண்ணை ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்டேன்.

"சிரிச்சாரு. 'எஞ்சின் பழுதாப் போச்செண்டு அவவுக்கும் தெரிஞ்சிட்டுது போல' எண்டாரு. புறகு கட்டிலத் திருப்பி உள்ளுக்குப் போடச் சொன்னாரு. அம்புட்டுத்தான்."

அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று மாலை, இனியும் பொறுக்க ஏலாது என்று, சுவாமியாரிடம் கேட்டு மாதாவின் சுருவத்தை எடுத்துக்கொண்டு தையல் அக்காவின் வீட்டுக்குப் போனேன். இன்னும் மூன்று பெண்கள் கூட வந்தார்கள். பட்டியலில் இல்லாத நாள். படலை திறந்திருந்தது. அக்கா மெசினில் இருந்து ஏதோ பழைய துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, மாதாவைக் கொண்டு வந்திருக்கிறம்," என்றேன். அவர் தையலை இடையில் விடவில்லை. ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைக் கடித்து, எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சுருவத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆருக்குக் கொண்டு வந்தனீங்கள், ரீச்சர்?"

நான் உளறத் தொடங்கினேன். உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான், பால்மா விற்ற விலையில் முப்பது பேருக்குத் தேத்தண்ணி கொடுக்க உங்களால் எப்படி ஏலும் என்றுதான், எல்லோரும் நல்லதை நினைத்துத்தான், என்று இழுத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா நின்றார்.

"அப்ப தேத்தண்ணியை விட்டிருக்கலாமே ரீச்சர்," என்றார். "மாதாவை ஏன் விட்டனீங்கள்?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைக்குக் கை நீளம் எவ்வளவு என்று கேட்பதுபோல, மறுமொழி வேண்டித்தான் கேட்டார். ஏழெட்டுப் படித்த தலைகள் என் வீட்டுக் கதிரைகளில் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தும், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சுருவத்தை மெசினின் மேல் வைத்தோம். செபமாலை சொன்னோம். அக்காவும் சொன்னார். கட்டில் இருந்த இடத்தில் தையல் துணி மூட்டை இருந்தது.

அக்கா எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. அன்பியத்தை விட்டுப் போகவுமில்லை. வைகாசியில் மாதா அவர் வீட்டுக்குப் போகிறபோது படலையில் நிற்பார், "வாங்கோ ரீச்சர்," என்பார், முழந்தாளிட இடம் விட்டு நகர்வார். போன வருடம் என் பேத்திக்கு முதல் நன்மைச் சட்டை தைக்கக் கொண்டுபோனேன். பேத்தி தாயைப் போலத்தான், நல்ல உருண்டை. அக்கா வாயின் ஓரத்தில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நாடாவைச் சுற்றிப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், ஏதாவது சொல்லட்டும், ஒரு நக்கல் அடிக்கட்டும் என்று. "வியாழக்கிழமை வந்து எடுங்கோ," என்றார். அவ்வளவுதான். சட்டை அச்சொட்டாக இருந்தது. என்னை மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் பழைய மாதிரி என்னைத் தன் ஆட்களில் ஒருத்தியாக வைத்துக் கதைக்க அவருக்கு இனி மனம் வராது, அதையும் நான் அறிவேன்.

இப்போது எங்கள் அன்பியத்தில் செபமாலைக்குப் பிறகு எந்த வீட்டிலும் தேத்தண்ணி இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அண்ணை செத்த அடுத்த வருடம், பட்டியல் போடக் கூடிய அன்று, நான்தான் எழுந்து அதைச் சொன்னேன். பெரிய எதிர்ப்பு வரும் என்று நினைத்து, முதல்நாள் இருந்து யோசித்து, இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியை வாசித்ததும், "ஓம், ஓம், அது நல்லது தானே," என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மற்றதை வாசிக்கத் தேவையே வரவில்லை.